லெச்வேர்த் நகரும் எங்கட சந்தைக் காணியும்

லண்டன் கிங்ஸ் குறொஸ் ஸ்ரேசனில் கேம்பிரிட்ஜ் பக்கம் போகிற ரெயிலில் ஏறினால், ஹிச்சினுக்கு அடுத்ததாக வருவது லெச்வேர்த். 1990ஆம் ஆண்டு மாரிக்குள் அங்கே பொதி கட்டுகிற ஓரிடத்தில் எனக்கு ஏழு மாத வேலை கிடைத்தது. அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்த காலம். எங்களோடு வேலை செய்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் தன்ரை ஊரை எப்போதும் 'காடின் சிற்றி' என்றுதான் சொல்லுவார். பக்கத்தில் நின்ற எங்கட அண்ணை ஒருவர் என்ரை காதுக்குள்ளே கேட்டார்: "தம்பி, இஞ்சை ஒரு வெங்காயத்தாளையும் காணேல்லை. என்ன தோட்டம் செய்யிறாங்களாம்?" எங்கட ஆக்களுக்குத் தோட்டம் என்றால் வெங்காயம், மிளகாய், புகையிலைதான். நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். ஆனால் அந்தக் கிழவர் ஒருநாள் தேத்தண்ணி நேரத்தில் சொன்ன ஒரு கதை மட்டும் மனதிலே தங்கிவிட்டது. "இந்த ஊர்க் காணி இந்த ஊருக்குத்தான் சொந்தம். கடைக்காரன் கட்டுகிற வாடகை திரும்ப எங்களிடம்தான் வருகுது" என்றார். காணி ஊருக்குச் சொந்தம் என்றால் என்னவென்று அப்போது எனக்கு விளங்கவில்லை. வாடகை வாங்குகிறவன் ஒருத்தன், கொடுக்கிறவன் ஒருத்தன் என்பதுதான் எனக்குத் தெரிந்த உலகம்.

முப்பது வருடத்துக்கு மேலான பிறகு அந்தக் கதை திரும்ப ஞாபகம் வந்ததற்குக் காரணம், எங்கள் ஊர் ஒன்றியத்தின் போன கார்த்திகைக் கூட்டம். இந்த மலரை வாசிக்கிற பலர் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள்தான். ஊரிலே சந்தைக்குப் பக்கத்தில் பதினாறு பரப்புக் காணி விலைக்கு வந்திருக்கிறது. ஒன்றியத்தின் கையிலே காசு இருக்கிறது. வாங்குவோம் என்பதில் எல்லாரும் ஒன்று. வாங்கி என்ன செய்வது என்பதில்தான் கூட்டம் இரண்டுபட்டது. துண்டு துண்டாகப் பிரித்துக் கடை கட்ட விரும்புகிறவர்களுக்கு விற்றால் போட்ட காசு இரட்டிப்பாகத் திரும்பும், அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கலாம் என்பது ஒரு பக்கம். காணியை ஊரின் பெயரில் வைத்துக்கொண்டு குத்தகைக்கு மட்டும் கொடுக்க வேண்டும் என்பது மறுபக்கம். நான் மறுபக்கத்தில் நின்றேன். அன்றைக்கு எழும்பிப் பேசினபோது நாக்கு எழவில்லை. சத்தம் போடத் தெரிந்தவர்கள் சத்தம் போட்டார்கள். அதனாலே இந்தச் சித்திரை மலரில் ஆறுதலாக எழுதுகிறேன். பொறுமையோடு வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

லெச்வேர்த்தை உண்டாக்கிய எபெனேசர் ஹவார்ட் 1850இல் லண்டனில் பிறந்தவர். பெரிய படிப்பில்லை, பணமில்லை, கட்டடக் கலைஞரும் இல்லை. சுருக்கெழுத்து எழுதிப் பிழைத்த மனிதர். இருபத்தொரு வயதில் அமெரிக்காவுக்குப் போய் நெப்ராஸ்கா என்ற இடத்தில் கமம் செய்து பார்த்தார். சரிவரவில்லை. அங்கிருந்து சிக்காகோவுக்குப் போனார். 1871இல் நடந்த பெருந்தீயில் எரிந்துபோன அந்த நகரத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு நகரம் சாம்பலில் இருந்து எழும்புவதைக் கண்ணால் கண்டவர் அவர். 1876இல் லண்டனுக்குத் திரும்பி, பாராளுமன்றப் பேச்சுகளைச் சுருக்கெழுத்தில் எடுக்கிற வேலைக்குப் போனார். வருடக்கணக்காக அரசியல்வாதிகளின் பேச்சை எழுதின மனிதனுக்கு அரசாங்கம் செய்யும் என்ற நம்பிக்கை பெரிதாக இருந்திருக்காது என்று நான் நினைக்கிறேன்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் கிராமங்கள் வெறுமையாகிக்கொண்டிருந்தன. அமெரிக்காவிலிருந்து மலிந்த தானியம் கப்பல் கப்பலாக வந்து இறங்க, இங்கே கமக்காரனுக்குக் கட்டவில்லை. காணி விலை விழுந்தது. சனம் லண்டனுக்கு ஓடியது. லண்டனிலே ஓர் அறைக்குள் ஒரு குடும்பம் கிடந்தது. வாடகையோ ஏறிக்கொண்டே போனது. கிராமத்தில் காணி மலிவு, வேலை இல்லை. நகரத்தில் வேலை உண்டு, இருக்க இடமில்லை. இந்த இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட ஏலாதா என்பதுதான் ஹவார்ட்டின் கேள்வி. 1898இல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அது 1902இல் 'நாளைய பூங்கா நகரங்கள்' என்ற கருத்துள்ள பெயரோடு திரும்ப வெளிவந்தது. அந்தப் பெயராலேதான் இன்று அவரை உலகம் அறியும்.

பூங்கா நகரம் என்றவுடன் எல்லாரும் மரத்தையும் பூவையும் பார்க்கிறார்கள். புத்தகத்தில் அதிகமாக இருப்பது கணக்கு. ஆறாயிரம் ஏக்கர் காணியை ஏக்கர் நாற்பது பவுண்படி வாங்குவது. இரண்டு இலட்சத்து நாற்பதினாயிரம் பவுண். நடுவிலே ஆயிரம் ஏக்கரில் நகரம், சுற்றிவர ஐயாயிரம் ஏக்கர் கமம். நகரத்தில் முப்பதினாயிரம் பேர், கமத்தில் இரண்டாயிரம் பேர். ஒருவருக்கும் காணி விற்கப்படாது. வீடு, கடை, பக்ரறி எல்லாம் குத்தகைக் காணியிலே. வருகிற குத்தகைக் காசில் முதற்பங்கு கடன் கொடுத்தவர்களின் வட்டிக்கு. இரண்டாம் பங்கு கடனின் முதலை அடைக்க. மிச்சம் றோட்டு, பள்ளிக்கூடம், பூந்தோட்டம் எல்லாவற்றுக்கும். கடன் அடைந்து முடிந்தால் அந்தக் காசும் ஊருக்கு. வயதானவர்களுக்கு ஓய்வூதியம் கொடுக்கலாம் என்றுகூட எழுதினார். இங்கிலாந்து அரசாங்கம் முதன்முதல் முதியோர் ஓய்வூதியம் கொடுக்கத் தொடங்கியது 1909இல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இதை எங்கட ஊர்ப் பாசையில் சொல்லுகிறேன். ஒரு சந்தியில் நாலு பனையும் ஒரு வேலியுமாக ஒரு காணி கிடக்கிறது. ஊர்ச்சனம் பிடியரிசி சேர்த்துப் பக்கத்திலே பள்ளிக்கூடம் கட்டுகிறது. பிறகு றோட்டுக்குத் தார் வருகிறது, பஸ் வருகிறது, சங்கக்கடை வருகிறது. காணிக்காரர் கொழும்பிலேயோ கனடாவிலேயோ இருக்கிறார். ஒரு கல்லும் தூக்கிவைக்கவில்லை. பத்து வருடம் கழித்து வந்து பரப்பைப் பத்து மடங்கு விலைக்கு விற்றுவிட்டுப் போகிறார். அவர் களவெடுக்கவில்லை, சட்டப்படிதான் செய்தார். ஆனால் அந்த விலையை உண்டாக்கினது யார்? அதைத்தான் ஹவார்ட் கேட்டார். ஹென்றி ஜோர்ஜ் என்ற அமெரிக்கரும் அவருக்கு முன்னமே கேட்டவர். ஹென்றி ஜோர்ஜ் வரி போட்டு அந்த ஏற்றத்தை எடுக்கச் சொன்னார். ஹவார்ட், விலை ஏறுவதற்கு முன்னமே காணியை ஊர் வாங்கிவைக்க வேணும் என்றார். வித்தியாசம் அவ்வளவுதான்.

புத்தகம் எழுதின ஆட்கள் பலர். கட்டிக் காட்டினவர்கள் குறைவு. 1903 செப்டெம்பரில் 'ஃபெர்ஸ்ட் காடின் சிற்றி' என்ற கம்பனி பதிவானது. ரால்ஃப் நெவில் என்ற சட்டத்தரணி தலைவர். சொக்கிலேற் கம்பனிக் கட்பரி குடும்பத்தாரும், சவர்க்கார லீவரும் துணை. லெச்வேர்த், நோட்டன், வில்லியன் என்ற மூன்று சின்னக் கிராமங்களில், பதினைந்து சொந்தக்காரரிடம் சத்தமில்லாமல் துண்டு துண்டாகக் காணி வாங்கினார்கள். சத்தம் கேட்டால் விலை ஏறிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். மொத்தம் 3,818 ஏக்கர். எங்கட கணக்கில் அறுபத்தோராயிரம் பரப்பு. விலை ஒன்றரை இலட்சம் பவுணுக்குச் சற்று மேல். பரப்பு இரண்டரைப் பவுண் வருகிறது! அந்த வருடம் ஒக்ரோபர் 9ஆம் திகதி கொட்டுகிற மழைக்குள்ளே திறப்புவிழா நடந்தது. நல்ல காரியத்துக்கு மழை வந்தால் நல்லது என்று எங்கட அப்பாச்சி இருந்தால் சொல்லியிருப்பா.

நகரத்தின் படத்தை பரி பார்க்கர், றேமண்ட் அன்வின் என்ற மைத்துனர்மார் இருவர் கீறினார்கள். படத்தைப் பார்த்தால் ஒன்று விளங்கும். பக்ரறிகள் எல்லாம் ரெயில் பாதையை ஒட்டிக் கிழக்குப் பக்கத்தில். அங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். ஆகவே புகை ஊருக்குள் வராது. வேலையிடத்துக்கு நடந்து போகலாம், சைக்கிளில் போகலாம். ஏக்கருக்குப் பன்னிரண்டு வீட்டுக்கு மேல் நெருக்கக் கூடாது என்பது அன்வினின் பிடிவாதம். இங்கிலாந்தின் முதலாவது றவுண்டபவுட் என்று சொல்லப்படுவதும் இந்த ஊரில்தான், 1909ஆம் ஆண்டளவில் போட்டது. கார் ஓட்டப் பழகின காலத்தில் றவுண்டபவுட்டால் சோதனை கோட்டை விட்ட எங்கட ஆட்கள் யாரைத் திட்ட வேணும் என்று இப்போது தெரிந்திருக்கும்.

ஆனால் படம் கீறினதாலே ஊர் வளரவில்லை. வேலை வராவிட்டால் சனம் வராது, சனம் வராவிட்டால் குத்தகை வராது. கம்பனி தானே தண்ணீர், காஸ், மின்சாரம் எல்லாம் போட்டது. பக்ரறி வாசல்வரைக்கும் கிளைத் தண்டவாளம் கொடுத்தது. லண்டனில் இடநெருக்கடியில் கிடந்த தொழில்களுக்கு இது வசதியாக இருந்தது. முதலில் ஓர் எஞ்சினியரிங் பக்ரறி வந்தது. பிறகு புத்தகத் தொழில். ஜே. எம். டென்ற் என்ற பதிப்பாளர் இங்கே அச்சகம் போட்டு, 1906இல் தொடங்கிய 'எவ்ரிமன்ஸ் லைப்ரரி' என்ற மலிவுவிலைப் புத்தகங்களை அடித்துத் தள்ளினார். யாழ்ப்பாணத்துப் பழைய வாசிகசாலைகளில் அந்தச் சின்னப் புத்தகங்களைக் கண்டவர்கள் எங்களுக்குள்ளும் இருப்பார்கள். 1910ஐ ஒட்டி ஸ்பைரெல்லா என்ற அமெரிக்கக் கம்பனி பெண்களின் உள்ளுடை தைக்க வந்தது. அந்தக் கட்டடம் ஒரு கோட்டை மாதிரி. வேலை செய்கிற பெண்களுக்கு உள்ளேயே குளிக்க இடம், வாசிகசாலை, நடனமண்டபம் எல்லாம் இருந்ததாம். அந்த உடைக்கு மவுசு போய் 1989இல் பக்ரறி மூடப்பட்டது. நான் போன நேரம் அது பூட்டிக் கிடந்தது. மாரிக் குளிரில் அதன் மதிலோரம்தான் பஸ்ஸுக்கு நடப்பேன். 1990களின் கடைசியில் திருத்தி அலுவலகங்கள் ஆக்கினார்கள்.

எல்லாம் நல்லாக நடந்தது என்று நான் எழுதினால் அது பொய். ஊரைக் கட்டின கூலியாட்களுக்கே அந்த ஊரில் இருக்க வசதி இல்லாமல் போனது. அவர்கள் ஹிச்சினில் இருந்து வந்துபோனார்கள். இதற்குப் பரிகாரமாக 1905இல் 150 பவுணுக்குள் கட்டிய வீடுகளின் கண்காட்சி ஒன்று வைத்தார்கள். அறுபதினாயிரம் பேரளவில் வந்து பார்த்தார்கள். அதிலே எத்தனையோ வீட்டை வசதியான லண்டன்காரர்கள் சனி ஞாயிறு தங்க வாங்கிக்கொண்டார்கள்! கூலியாட்களுக்கு ஒழுங்கான வீடு கிடைத்தது, குடியிருப்பாளர் கூட்டுறவுச் சங்கங்கள் வந்த பிறகுதான். மலிவு வீடு கட்டினால் மட்டும் ஏழைக்குப் போய்ச் சேராது, யாருக்கு என்ற விதியும் வேண்டும் என்பதை அவர்கள் பட்டுத்தான் படித்தார்கள்.

இன்னொன்று, அங்கே குடிவகை விற்கத் தடை. சனத்திடம் வாக்கெடுத்தே அந்தத் தடையை வைத்திருந்தார்கள். 1907இல் ஒரு தவறணை மாதிரி இடம் கட்டினார்கள். உள்ளே கிடைத்தது தேத்தண்ணியும் சொக்கிலேற் பானமும். குடிக்க விரும்பினவர்கள் பக்கத்து வில்லியனுக்கும் நோட்டனுக்கும் நடந்தார்கள், அங்கே பழைய தவறணைகள் இருந்தபடியால். மனிதன் எங்கேயும் மனிதன்தான். அந்தத் தடை 1958இல்தான் நீங்கியது.

ஊருக்குப் பொதுக் கட்டடம் என்று முதலில் எழும்பியது ஒரு மண்டபம். ஹவார்ட்டின் மனைவி எலிசபெத் 1904 கடைசியில், புது ஊருக்குக் குடிவருவதற்குச் சற்று முன்னம், இறந்துபோனார். அவர் நினைவாகச் சனம் காசு சேர்த்து 1906இல் கட்டியது. அரைவாசி றோட்டு சேறாகக் கிடந்த காலத்திலேயே கூட்டமும் பாட்டும் நாடகமும் நடத்த ஓரிடம் வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. வருடம்தோறும் சித்திரை விழாவுக்கு மண்டபம் தேடி அலைகிற எங்கட செயலாளருக்கு இது நன்றாக விளங்கும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த இரண்டு கதைகள். முதலாவது அகதிகளின் கதை.

1914 ஓகஸ்டில் ஜேர்மன் படை பெல்ஜியத்துக்குள் புகுந்தது. ஒக்ரோபரில் அன்ற்வேர்ப் நகரம் விழுந்தது. இரண்டரை இலட்சம் பெல்ஜியர் கடல் தாண்டி இங்கிலாந்துக்கு வந்தார்கள். இந்த நாட்டுக்கு ஒரே தடவையில் அவ்வளவு அகதிகள் அதற்குமுன் வந்ததில்லை. அப்போது பத்தாயிரம் பேரே இல்லாத லெச்வேர்த்துக்கு மூவாயிரம் பேர் வரையில் வந்து சேர்ந்தார்கள். நாலு பேரில் ஒருவர் அகதி என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்தவர்களில் ஜாக் கிறின் என்ற அன்ற்வேர்ப் வைர வியாபாரியும், றவுல் லேயி என்ற எஞ்சினியரும் இருந்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து 1915இல் 'கிறின் அன்ட் லேயி' என்ற உருக்குப் பக்ரறியைத் தொடங்கினார்கள். யுத்தத்துக்கான குண்டுகளும் உலோக வார்ப்புகளும் செய்தார்கள். வேலைக்குப் பெல்ஜிய அகதிகள், ஆணும் பெண்ணும். காணி பிரித்து, தண்ணீரும் மின்சாரமும் தண்டவாளமும் ஆயத்தமாக இருந்தபடியால்தான் ஒரு வருடத்துக்குள் பக்ரறி எழும்பியது. வேறு ஊர் என்றால் காணிக்காரனோடு பேரம் பேசி முடியவே யுத்தம் முடிந்திருக்கும்.

1918 கார்த்திகையில் யுத்தம் நின்றது. அடுத்து என்ன? வேலை நின்றது. அரசாங்கம் ஊருக்குப் போக இலவச ஒருவழி ரிக்கெற் கொடுத்தது. சிலருக்குப் போக ஆசை, சிலருக்குப் போக மனமில்லை, ஆனால் மிக அதிகமானோர் போய்விட்டார்கள். நாலைந்து வருடத்தில் ஊரின் கால்வாசி வந்து, வேலை செய்து, பிள்ளை பெற்று, போயும்விட்டது. பக்ரறி மட்டும் நின்றுவிட்டது. கைமாறிக் கைமாறி பாரந்தூக்கிகளும் உருக்கு வார்ப்புகளும் செய்து, அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்த ஊருக்குச் சோறு போட்டது. நான் வேலைக்குப் போகிற வழியில் அந்தப் பக்கத்தால் எத்தனை தரம் நடந்திருப்பேன்! அது அகதி கட்டின இடம் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. அகதி என்றால் கைநீட்டி வாங்குகிறவன் என்று எங்களையே நாங்கள் நினைத்துக்கொண்டு திரிந்த காலம் அது.

அதே பக்ரறிப் பகுதியில் 1920களின் தொடக்கத்தில் அட்டையில் துளைபோட்டுக் கணக்குப் பார்க்கிற இயந்திரக் கம்பனி ஒன்று வந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் அலன் ரியூரிங் ஆட்களின் திட்டப்படி ஜேர்மனியரின் இரகசிய எழுத்தை உடைக்கிற இயந்திரங்கள் இருநூறுக்கு மேல் அங்கே செய்யப்பட்டன. பிறகு கொம்பியூட்டர். அது வேறொரு கட்டுரை.

இரண்டாவது கதை காசுக் கதை. கூட்டத்திலே சத்தம் போட்டவர்கள் இதைத்தான் வாசிக்க வேண்டும். லெச்வேர்த் கம்பனி பங்குக்காரருக்கு வருடம் ஐந்து வீதத்துக்கு மேல் பங்கிலாபம் கொடுக்கக் கூடாது, மிஞ்சுவது எல்லாம் ஊருக்கு என்று விதி வைத்துத் தொடங்கியது. ஆனால் முதற் பத்து வருடம் ஒரு சதமும் பங்கிலாபம் இல்லை. 1913இல்தான் சிறு தொகை கொடுத்தார்கள். முழு ஐந்து வீதம் கொடுக்க 1923 ஆகிவிட்டது. இருபது வருடம்! எங்கட ஒன்றியத்தில் இருபது மாதம் பொறுப்பார்களா?

ஏன் இவ்வளவு சுணக்கம்? ஒன்று, முதலே போதாமல் தொடங்கினார்கள். மற்றது, ஹவார்ட் சொன்னபடி காணி விலை ஏற ஏறக் குத்தகையும் இடைக்கிடை திருத்தப்பட வேண்டும். வீடு கட்ட வந்தவர்களும் பக்ரறிக்காரரும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. குத்தகை எப்போது ஏறுமோ என்று பயந்தார்கள். கடைசியில் தொண்ணூற்றொன்பது வருடத்துக்கு மாறாத குத்தகை கொடுத்தார்கள். அதனாலே ஊர் வளர்ந்து காணியின் பெறுமதி ஏறியும் அந்த ஏற்றம் ஊர்க் கணக்குக்கு வரவில்லை. விலையேற்றம் ஊருக்கு என்று தொடங்கினவர்கள், அதைத் தாங்களே தொண்ணூற்றொன்பது வருடம் தள்ளிப்போட்டார்கள்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. காணி கம்பனிக்குச் சொந்தம், கம்பனி பங்குக்காரருக்குச் சொந்தம். ஊருக்குச் சொந்தம் என்பது நல்ல மனிதர்களின் வாக்கிலேதான் நின்றது. ஹவார்ட் 1928இல் இறந்துபோனார். மற்ற முதலாளிமாரும் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டாம் யுத்தத்துக்குப் பிறகு காணி விலை ஏற, பங்குகளை வாங்கிக் குவிக்கிற ஆட்கள் வந்தார்கள். 1960இல் ஹோட்டல் யோர்க் என்ற வெளிக் கம்பனி பெரும்பான்மைப் பங்கைப் பிடித்துவிட்டது. பூங்கா நகரம் முழுவதும், வயல், வீதி, கடை, பக்ரறிக் காணி எல்லாம், ஒரு வியாபாரக் கம்பனியின் கைக்குள்.

சனம் கிளம்பியது. நகரசபை முன்னுக்கு நின்றது. 1962இல் பாராளுமன்றத்தில் அந்த ஒரு ஊருக்காகவே ஒரு சட்டம் நிறைவேறியது. 1963 ஜனவரி 1ஆம் திகதி, நட்டஈடு கொடுத்துக் காணி முழுவதையும் ஒரு பொதுக் கூட்டுத்தாபனம் எடுத்துக்கொண்டது. 1995இல் இன்னொரு சட்டத்தின்மூலம் அது லெச்வேர்த் காடின் சிற்றி ஹெரிற்றேஜ் பவுண்டேசன் என்ற அமைப்பின் கைக்கு மாறியது. கடை, பக்ரறி, கமம் எல்லாவற்றிலும் இருந்து வருகிற வாடகையைச் சினிமாத் தியேட்டர், நூதனசாலை, சிகிச்சை நிலையம், ஊர்ச் சங்கங்களுக்கான உதவி என்று அது செலவிட்டு வந்திருக்கிறது. என்னோடு வேலை செய்த கிழவர் சொன்ன கதை இதுதான். 1990இல் எனக்கு விளங்காதது, கூட்டுத்தாபனக் காலத்தில் அவர் கண்ணால் கண்டது. ஹவார்ட் போட்ட கணக்கு முப்பத்திரண்டாயிரம் பேர். 2011 குடிசன மதிப்பில் அந்த ஊரில் முப்பத்துமூவாயிரத்துக்குச் சற்று மேல்.

'திட்டமிட்ட' என்ற சொல் எங்களுக்குப் பயம் என்பதையும் நான் மறக்கவில்லை. 'திட்டமிட்ட குடியேற்றம்' என்று பத்திரிகையில் வாசித்து வளர்ந்த பரம்பரை நாங்கள். மேலே இருந்து கீறின கோட்டினால் கீழே இருந்த சனம் கலைபட்டதைக் கண்டவர்கள். ஹவார்ட் ஆட்களின் சிந்தனையோடு தொடர்புடைய பற்றிக் கெடெஸ் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1915இல் தஞ்சாவூர், மதுரை ஆகிய நகரங்களுக்குப் போய் அறிக்கை எழுதினார்; 1921இல் கொழும்புக்கும் எழுதினார். பழைய தெருக்களை இடித்துத் தள்ளாதே, முதலில் நடந்து பார், அங்கே இருக்கிறவனிடம் கேள் என்பதுதான் அவருடைய போதனை. லண்டனில் இருந்துகொண்டு ஊருக்குப் படம் கீறுகிற எங்களுக்கும் இது பொருந்தும்.

காணி தனி ஒருவரின் பொருள் மட்டும் இல்லை என்பது எங்களுக்கு வெள்ளைக்காரன் சொல்லித்தர வேண்டிய பாடமும் இல்லை. பங்குக் கிணற்றில் முறை வைத்து இறைத்த ஆட்கள் நாங்கள். துலாவில் ஏறி மிதிக்கிறவன் ஒருத்தன், பட்டை பிடிக்கிறவன் ஒருத்தன், தண்ணி மாறுகிறவன் ஒருத்தன். 1707இல் ஒல்லாந்தர் எழுதுவித்த தேசவழமைச் சட்டத்தில், காணி விற்க நினைக்கிறவர் பங்காளிக்கும் உறவினருக்கும் முதலில் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. அந்நியனுக்கு விற்க முன்னம் உன்ரை ஆக்களைக் கேள் என்ற எண்ணம் அது. வெளிநாட்டுக் காசு வந்த பிறகு அந்த எண்ணம் எங்கே போனது? ஊரிலே கூலிவேலை செய்கிற ஒரு குடும்பம் இப்போது ஒரு பரப்பு வாங்க ஏலுமா? விலையை ஏற்றினது இஞ்சை இருந்து அனுப்பின எங்கட காசு. நல்லது செய்ய நினைத்து அனுப்பினதுதான்.

ஆகவே சந்தைக் காணி விசயத்தில் நான் சொல்வது இதுதான். விற்றால் இரட்டிப்புக் காசு வரும், உண்மை. பள்ளிக்கூடத்துக்கு ஒரு கட்டடம் வரும், அதுவும் உண்மை. அதோடு முடிந்தது. பிறகு அந்தக் கடைகளின் வாடகை யாரோ மூன்று பேருக்குப் போகும். அவர்களில் இரண்டு பேர் ஊரிலேயே இருக்கமாட்டார்கள். வைத்திருந்தால் காசு மெதுவாக வரும்; முதற் சில வருடம் வராமலே போகலாம், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு ஆரும் என்னைக் குறை சொல்லக் கூடாது.

வைத்திருப்பதென்றால் லெச்வேர்த்காரர் விட்ட பிழையை நாங்களும் விடக்கூடாது. உறுதியை ஒன்றியத் தலைவரின் பெயரிலோ பொருளாளரின் பெயரிலோ எழுதக்கூடாது. இன்றைக்கு இருக்கிறவர்கள் தங்கமான ஆட்கள், அதிலே எனக்குச் சந்தேகமில்லை. ஹவார்ட்டும் தங்கமான மனிதர்தான். ஆனால் அவர் செத்துப்போனார். காணி ஒருபோதும் விற்க ஏலாத பொது நம்பிக்கைச் சொத்தாக உறுதியிலேயே எழுதப்பட வேண்டும். குத்தகையைத் தொண்ணூற்றொன்பது வருடத்துக்குக் கட்டிப்போடாமல், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திருத்தலாம் என்று முதலிலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும். கடை எடுக்கிறவர்களில் இத்தனை பேர் அந்த ஊரில் இருந்து தொழில் செய்கிறவர்களாக, அதிலும் கணவனை இழந்த பெண்கள் இத்தனை பேராக இருக்க வேண்டும் என்று எண்ணிக்கை போட வேண்டும். இல்லாவிட்டால் 150 பவுண் வீட்டுக்கு நடந்ததுதான் நடக்கும்.

கடைசியாக ஒன்று. இதைக் கேட்டு என்னோடு நிற்கிறவர்களும் கோபிப்பார்கள். பொறுப்பாளர் சபையில் பெரும்பான்மை ஊரில் இருக்கிறவர்களாக இருக்க வேண்டும், எங்களாக அல்ல. காசு கொடுத்தவர்கள் நாங்கள் என்பது சரி. ஆனால் அந்தச் சந்தையில் மீன் வாங்குகிறவர்கள் அவர்கள். எங்கட பிள்ளைகள் இங்கே வளர்ந்துவிட்டார்கள். எங்களுக்குப் பிறகு லண்டனில் இருந்து அந்தக் காணியைப் பற்றிக் கேட்க ஆள் இருக்குமா? பெல்ஜியர்கள் பக்ரறியை விட்டுவிட்டு ஊருக்குப் போனார்கள். நாங்கள் ஊரை விட்டுவிட்டு இங்கே நிற்கிறோம். இரண்டிலும் மிஞ்சி நிற்கிற சனம்தான் அதைக் கொண்டு நடத்த வேண்டியவர்கள்.

அடுத்த கூட்டம் வைகாசி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, வழமையான இடம், பின்னேரம் மூன்று மணி. நான்கு பக்கத்தில் உறுதியின் வரைவு ஒன்று எழுதிவைத்திருக்கிறேன். ஊரிலுள்ள ஒரு நொத்தாரிசிடமும் காட்டித் திருத்தி எடுத்தேன். சித்திரை விழா அன்று வாசலில் பலகார மேசைக்குப் பக்கத்தில் பிரதிகள் இருக்கும். எடுத்துக்கொண்டு போய் வாசித்துவிட்டு, பிழை எங்கே என்று பென்சிலால் கீறிக்கொண்டு வாருங்கள்.